காமா பயில்வான் வரலாறு

மக்கள் பயின்றுவந்த கலைகள் பலவற்றுள்ளும் மற்போர்க்கலை மிகப் பழமையுடையது. படைக்கலம் ஒன்றும் ஏந்தாது, தன் உடலையும் அறிவையுமே துணையாகக் கொண்டு மாற்றானை வெல்லும் இக்கலையை நம் முன்னோர் 'மல்' என்றும், அதில் வல்லாரை 'மல்லர்' என்றும் வழங்கினர். பிற்காலத்தே 'குஸ்தி', 'பயில்வான்' என்னும் சொற்கள் வடநாட்டின் வழியே வந்து நம் பேச்சிற் கலந்தன. பயில்வான் என்பதைப் 'பயில்' என்னும் தமிழ்ப் பகுதியினின்று பிறந்ததாகக் கருதுவாரும் உளர். ஒலியும் பொருளும் ஒத்து அழகாயிருப்பினும், அஃது உண்மையன்று. 'பஹல்வான்' என்னும் பாரசீகச் சொல்லே நம் நாவிற்கேற்பத் திரிந்து பயில்வான் ஆயிற்று.

அப்பெயர்க்கு உலகெங்கும் பெருமை தேடித் தந்தவருள் முதலிடம் பெறத்தக்கவர் காமா என்பவர். 1888ஆம் ஆண்டிற் பத்து வயதுச் சிறுவராக அரங்கேறிய அவர், 1952ஆம் ஆண்டு வரையில், அஃதாவது 64 ஆண்டுகள், மல்லர் என்ற பெயரைத் துறந்தாரல்லர். இத்துணை நெடுங்காலத்தில் அவர் யாரிடத்தும் தோற்றதாகச் செய்தி இல்லை. அவருடைய வலிமையை வியந்து பேசுவார் பலர். அவ்வலிமையை வளர்த்துக் காத்த கைகள் எவை, அக்கைகள் ஓய்ந்த காலத்தில் அவர் நிலைமை யாதாயிற்று என்று ஆராய்வார் மிகச் சிலரே. நம் சங்க அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் சிந்தித்தற்குரியது இவ்விரண்டாவதே என்று கருதி, அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றேன்.

பிறப்பும் வளர்ப்பும்

குலாம் முகம்மது பக்ஷ் பட் என்பதே அவருடைய முழுப்பெயர். காமா என்பது வீட்டார் அழைத்த செல்லப்பெயர். பாஞ்சால நாட்டில் அமிர்தசரஸைச் சார்ந்த ஜப்போவால் என்னுஞ் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் பிறந்தார் என்பர். அவர் குடும்பத்தார் காஷ்மீரினின்று வந்து குடியேறிய இஸ்லாமியர். வழிவழியாக மற்றொழிலிற் சிறந்தவர். தந்தையார் முகம்மது அஜீஸ் பக்ஷ் என்பவர் ததியா சமஸ்தானத்து மன்னரின் ஆதரவில் வாழ்ந்த மல்லர்.

மகனுக்கு ஏறக்குறைய ஆறு வயது நிரம்பிய பருவத்திலே தந்தையார் உலக வாழ்வை நீத்தார். அதன்பின் தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வான் என்பவர் பேரனைத் தம் பொறுப்பில் ஏற்றனர். அவரும் மறையவே, தாய்மாமன் ஈதா பயில்வான் அப்பொறுப்பினை மேற்கொண்டனர். தந்தையை இழந்த பிள்ளைக்கு உணவும் உடையும் அளிப்பதோடு உறவினர் கடமை முடிந்துவிடுகிறது என்று எண்ணுவார் பலர். ஈதா பயில்வான் அவ்வாறு எண்ணினாரல்லர். இறந்தவரின் கருத்து வீண்போகாதபடி அவர் மகனைச் சிறந்த மல்லனாக்குதல் தம் கடன் எனக் கொண்டார். விடியற்கு முன்னே எழுப்பித் தண்டாலும் பஸ்கியும் பழக்கினார். உண்ணும் உணவையும் உறங்கும் நேரத்தையும் வரையறுத்தார். தம்பியாகிய இமாம் பக்ஷும் தமையனோடு ஒருங்கே வளர்ந்து, பின்னாளில் அவர்க்கு அடுத்த நிலையில் வைத்தெண்ணத்தக்க மல்லராயினார்.

ஜோத்பூர்ப் போட்டி

1888ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி நடத்தினார். அது மற்போரன்று, உடற்பயிற்சிப் போட்டி. கூடிய மல்லர் யாவரும் ஒரே காலத்திற் பஸ்கி போடத் தொடங்கவேண்டும். இயலாதவர் ஒவ்வொருவராக விலகிக்கொள்ளவேண்டும். நாட்டின் பல பகுதிகளினின்றும் 400க்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். மீசை முளைத்த வீரர் பலர் களைத்து நீங்கிய பின்னும், பத்து வயதுப் பாலகராகிய காமா எஞ்சிய பதினைவருள் ஒருவராக நின்றார். மன்னர் அவருடைய இளமையை நோக்கி வியந்து, அவரையே வெற்றி பெற்றவராக அறிவித்தார்.

இச்செய்தி பரவவே, ததியா மன்னர், தம் மல்லரின் மகனைத் தாமே ஆதரிக்க முன்வந்தார். காமாவின் வாழ்க்கையில் இது பெருந்திருப்பமாகும். மல்லன் ஒருவனுக்கு வேண்டும் பாலும் நெய்யும் பாதாம் பருப்பும் ஏழைக் குடும்பத்தால் வாங்கித் தரக்கூடியன அல்ல. ஒருவன் நாள் முழுதும் பயிலவேண்டுமாயின், அந்நாளின் உணவை மற்றொருவர் ஈட்டித் தருதல் வேண்டும். வடநாட்டு மன்னர் பலர் யானையும் குதிரையும் வைத்திருந்தவாறே மல்லரையும் தம் அரண்மனைகளில் வைத்துப் போற்றினர். அதனாலன்றோ அக்கலை அழியாது நிலைத்தது!

பயிற்சியும் கட்டுக்கதையும்

வடநாட்டுக் கோதாவின் மண் வெறும் மண்ணன்று. கல்லும் முள்ளும் நீக்கிச் சலித்த மண்ணில் மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து, நாடோறும் கொத்திப் புரட்டிப் பதப்படுத்துவர். மல்லன் தானே மண்வெட்டி பிடித்து அதனைக் கொத்துதலும் பயிற்சியின் பகுதியாகும். ஆசிரியர்க்கு வணக்கஞ் செய்து, அம்மண்ணை உடலிற் பூசிக்கொண்டு, பலருடன் மாறி மாறிப் பொருது பழகுதல் முறை. காமா நாளொன்றுக்கு 5000 பஸ்கியும் 3000 தண்டாலும் செய்தார் என்பர். இவ்வெண்களை எழுதியவர் யாரும் உடனிருந்து எண்ணினார் எனக் கூறுதற்கில்லை. ஆயினும் அவருடைய உழைப்பு அளவிறந்தது என்பதில் ஐயமில்லை. கழுத்தில் அணிந்துகொண்டு பஸ்கி செய்தற்கு அவர் பயன்படுத்திய 95 கிலோ எடையுள்ள வளையம் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் வைக்கப்பெற்றுள்ளது.

பெரியோர் வரலாற்றில் உண்மையோடு புனைவும் கலத்தல் இயல்பு. பரோடா நகரத்துப் பொருட்காட்சிசாலையில் ஒரு பெருங்கல் உளது. அதன் எடை 1200 கிலோ என்றும், அதனை 1902ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் குலாம் முகம்மது என்பார் தூக்கினார் என்றும் அதிலுள்ள எழுத்து உரைக்கின்றது. அத்துணைப் பெரிய எடையை மனிதன் ஒருவன் நிலத்தினின்று முழுதும் பெயர்த்து உயர்த்துதல் இயலுமோ என்று நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இக்காலத்துப் பளுதூக்கும் போட்டிகளில் உலகத்து முதல்வராக விளங்குவோரும் இதில் நான்கிலொரு பங்கினைக்கூடத் தலைக்குமேல் உயர்த்தினாரல்லர். ஆதலின், கல்லின் ஒரு பக்கத்தை உயர்த்தினார் அல்லது இடம்பெயர உருட்டினார் எனக் கொள்ளுதலே அறிவிற்குப் பொருந்தும். இவ்வாறு கொள்வதனாற் காமாவின் புகழ் குறைந்துவிடாது. மெய்யாகவே பெருமையுடையார்க்குப் பொய்ப்பெருமை சுமையே யாகும்.

ரஹீம் பக்ஷ்

காமாவின் உயரம் 5 அடி 7 அங்குலம் என்பர். 1895ஆம் ஆண்டு, அவர்க்குப் பதினேழு வயதாயிருந்த காலத்தில், நாட்டின் தலைமை மல்லராய் விளங்கிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவைப் போருக்கழைத்தார். ரஹீம் குஜ்ரன்வாலாவைச் சேர்ந்தவர், ஏழடிக்குச் சற்றே குறைந்த பேருருவினர், நடுத்தர வயதினர், பல போர் கண்டவர். இளைஞர் நெடுநேரம் அப்பேருருவினர்க்கு ஈடுகொடுத்து நின்றார். வெற்றி தோல்வியின்றிப் போர் முடிந்தது. தோலாமையே அன்று அவ்விளைஞர்க்கு வெற்றியாயிற்று. அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் நாட்டிற் பெயர்பெற்ற மல்லர் அனைவரையும் காமா வென்றார். எஞ்சியவர் ரஹீம் ஒருவரே.

இலண்டன் மாநகரில்

1910ஆம் ஆண்டிற் காமா தம் தம்பியுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். வங்காளத்துச் செல்வராகிய சரத்குமார் மித்திரர் அதற்கான பொருளுதவி புரிந்தார். பெஞ்சமின் என்னும் ஆங்கிலேயர் போர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பேற்றார். தாய்மாமன், ததியா மன்னர் ஆகியோரைத் தொடர்ந்து இப்போது ஒரு வணிகர் கைகொடுத்ததை அன்பர்கள் கருத்திற் கொள்க.

இலண்டனை அடைந்த காமாவை ஆங்கு நடந்த போட்டியிற் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். உயரம் போதாது என்பது அவர்கள் கூறிய காரணம். அதுகேட்டுக் காமா மனம் சோர்ந்தாரல்லர். எத்துணை எடையுடையராயினும் ஆகுக, எவரேனும் மூவரை முப்பது நிமிடத்துள் வீழ்த்துவேன் என்று அறைகூவல் விடுத்தார். அதனை வெறும் ஆரவாரம் என்று பலர் கருதி வாளாவிருந்தனர். பின்னர் உலகத் தலைவரெனப் புகழ்பெற்ற அமெரிக்கராகிய பிராங்க் காட்சையும், போலந்து நாட்டவராகிய ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவையும் பெயர் குறித்து அழைத்தார்.

முதலில் முன்வந்தவர் பெஞ்சமின் ரோலர் என்னும் அமெரிக்கர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்; மற்போரிலும் தேர்ந்தவர். காமா அவரை முதன்முறை 1 நிமிடம் 40 விநாடியிலும், இரண்டாம்முறை 9 நிமிடம் 10 விநாடியிலும் மல்லாத்தினார். மறுநாளும் பலர் வந்து தோற்றனர். அதன்பின்னரே போட்டி நடத்தியோர் காமாவை மதித்து ஏற்றனர்.

அவ்வாண்டின் நிலைமையையும் நாம் அறிதல் வேண்டும். 1905ஆம் ஆண்டில் வங்காளம் பிரிக்கப்பட்டதன் பயனாகச் சுதேசி இயக்கம் நம் நாட்டிற் கிளர்ந்தெழுந்திருந்த காலம் அது. 1910 ஜூலை மாதம் 4ஆம் நாள் அமெரிக்காவில் ரீனோ என்னும் நகரிற் கறுப்பினத்தவராகிய ஜாக் ஜான்ஸன், ஜேம்ஸ் ஜெப்ரீஸ் என்னும் வெள்ளையரைக் குத்துச்சண்டையில் வென்றார். அதனைப் பொறாத வெள்ளையர் பல நகரங்களிற் கலகம் விளைத்தனர், உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. வெள்ளையர் உடலாலும் மேம்பட்டவர் என்னும் கொள்கை உலகெங்கும் வேரூன்றியிருந்த அக்காலத்தில், ஆளப்படும் நாட்டினர் ஒருவர் ஆள்வோர் தலைநகரிலேயே சென்று அறைகூவியது எத்துணைத் துணிவு என்பதை நாம் உய்த்துணரலாம்.

ஸ்பிஷ்கோவுடன் நிகழ்ந்த போர்

1910 செப்டம்பர் மாதம் 10ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கிற் காமாவும் ஸ்பிஷ்கோவும் எதிர்ப்பட்டனர். வென்றவர்க்கு 250 பவுன் பரிசும், ஜான் புல் என்னும் பெயருடைய கச்சும் உரியன. ஸ்பிஷ்கோ காமாவினும் ஏறக்குறைய 50 ராத்தல் மிகுந்த எடையுடையவர், கல்வியறிவும் நிரம்பியவர். ஒரு நிமிடத்திற்குள் காமா அவரைக் கீழே தள்ளினார். விழுந்த ஸ்பிஷ்கோ எழுந்து பொர முயன்றாரல்லர். வயிறு நிலத்திற் படியக் குப்புறப் படுத்து, கைகால்களைப் பரப்பி, விரிப்பினைப் பற்றிக்கொண்டார். முதுகு தரையிற் படாதவரையில் தோல்வியில்லை என்பது விதி. ஆகவே அவர் அவ்வாறே 2 மணி 35 நிமிடம் கிடந்தார். காமா இழுத்தும் புரட்டியும் பார்த்தும் அவ்வுடலைத் திருப்ப முடியவில்லை. நடுவர் வெற்றி தோல்வியில்லை எனக் கூறிப் போரை நிறுத்தினர்.

செப்டம்பர் 17ஆம் நாள் மீண்டும் பொருது முடிவு காணவேண்டும் என்று வரையறுத்தனர். அன்று காமா வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. பரிசும் கச்சும் காமாவுக்கே வழங்கப்பெற்றன. இமாம் பக்ஷும் சுவிஸ் நாட்டவராகிய ஜான் லெம் என்பவரை வென்று தமையனுக்குப் புகழ் சேர்த்தார்.

இப்போரினை நடுநிலையோடு நோக்குவோமாயின் இருவர்பாலும் குறை உண்டு. தோலாதிருத்தல் ஒன்றையே கருதிப் படுத்துக் கிடத்தல் வீரர்க்கு அழகன்று. ஆயினும் படுத்தவரைத் திருப்பும் வகை காமாவுக்கும் அன்று வாய்த்திலது என்பதையும் மறைத்தல் கூடாது. நெகிழ்ந்த மண்ணிற் பயின்றவர்க்கு விரிப்பின்மேற் பொருதல் புதிது. நின்று எறிதலில் வல்லவர்க்குக் கிடந்து பொருதலிற் பயிற்சி குறைவு. களம் மாறின் முறையும் மாறும் என்பது கலை யாவற்றுக்கும் ஒக்கும்.

அதன்பின் காமா அழைத்தவர் பலர். உருசிய நாட்டவராகிய ஹாக்கன்ஷ்மிட்டும், பிராங்க் காட்சும் அவ்வழைப்பினை ஏற்றாரல்லர். ஆங்கிலேய மல்லர் இருபதின்மரை ஒருவர்பின் ஒருவராக வெல்வேன், இயலாதாயின் பரிசுப் பொருளை யானே தருவேன் என்றார், அதற்கும் விடையில்லை. தோல்வியினும் கொடியது எதிரியின்மை. போர் கிடைக்காத மல்லனுக்குப் பொருளும் இல்லை. தன் ஆற்றலை நிறுவ வழியும் இல்லை. வெல்ல முடியாதவர் என்னும் புகழே அவர்க்கு வேலியாக அமைந்துவிட்டது.

தாயகம் திரும்பிய பின்

தாயகம் மீண்ட காமா, அலகாபாத்தில் ரஹீம் பக்ஷுடன் மறுபடியும் பொருதார். நெடுநேரம் நிகழ்ந்த அப்போரிற் காமாவே வென்று, 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' என்னும் பட்டத்திற்கு உரியரானார். ருஸ்தம் என்பவன் பாரசீகக் காவியத்துப் பெருவீரன். இந்நாட்டு ருஸ்தம் என்பது அப்பட்டத்தின் பொருள். தம்மை எதிர்த்தாருள் மிக வலியவர் யாவர் என்று வினவியபோதெல்லாம் காமா ரஹீமின் பெயரையே கூறினார் என்பர். தோற்றவரைப் புகழ்தல் வென்றவரின் பண்பைக் காட்டும். 1922ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர் காமாவுக்கு வெள்ளிக் கதாயுதம் ஒன்றைப் பரிசளித்தார்.

இதற்குள் மேனாட்டு மற்போர் தன் இயல்பில் மாறிவிட்டது. அங்கே இருவர் மணிக்கணக்கிற் பிடித்துக் கிடப்பதைக் காணப் பொறாத மக்கள் விரைவையும் வேடிக்கையையும் விரும்பினர். போட்டி நடத்துவோர் வெற்றி தோல்வியை முன்னரே பேசி முடித்துக் கூத்தாக நடத்தலாயினர். 1925ஆம் ஆண்டில் மற்போர்ப் பயிற்சி நிரம்பாத வேய்ன் மன் என்னும் கால்பந்தாட்டக்காரரை உலகத் தலைவராக ஆக்கிவைத்திருந்தனர். அவரிடம் தோற்றுக்கொடுக்குமாறு பேசி ஸ்பிஷ்கோவை அரங்கேற்றினர். ஏப்ரல் மாதம் 15ஆம் நாள் பிலடெல்பியா நகரில் ஸ்பிஷ்கோ அப்பேச்சினை மீறி, மெய்யாகவே பொருது, மன்னைப் பலமுறை வீழ்த்திப் பட்டத்தைக் கைக்கொண்டார். கூத்தாடியாக மாறிய காலத்தும் அவர் உள்ளத்தில் மல்லன் மாயவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அந்த ஸ்பிஷ்கோவைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் காமாவின்முன் நிறுத்தியவர் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங். 1928ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பாட்டியாலாவில் இதற்கெனவே பேரரங்கம் அமைத்தார். 40,000 மக்கள் திரண்டனர் என்பர். இருவர்க்கும் ஐம்பதை அணுகிய வயது. இம்முறை களம் விரிப்பன்று; நம் நாட்டு மண். இருவரும் கைகலந்த ஒரு நிமிடத்திற்குள்ளாகவே ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணிற் படிந்தது. இலண்டனில் 2 மணி 35 நிமிடத்திற் காண இயலாத முடிவு ஒரு நிமிடத்திற் காணப்பட்டது. மன்னர் காமாவைப் பலவாறு சிறப்பித்தார். 1929 பிப்ரவரியில் ஜெஸ்ஸி பீட்டர்ஸன் என்னும் மேனாட்டு மல்லரும் காமாவிடம் ஒன்றரை நிமிடத்திற் தோற்றார். அதன்பின் அவரோடு பொர விரும்பிப் பெயர்பெற்றவர் எவரும் வந்திலர். 1952 வரையில் அவர் ஓய்வினை அறிவியாது எதிர்நோக்கியிருந்தது வீணாயிற்று.

பிரிவினையும் முதுமையும்

1947ஆம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்தது. காமா லாகூரிலே வாழ்வாராயினர். பாஞ்சாலம் குருதியில் மூழ்கிய அந்நாட்களில், தம் தெருவில் வாழ்ந்த இந்துக்களைத் தாக்க வந்த கூட்டத்தின்முன் அவர் சென்று நின்று, அவர்களைக் காத்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் போற்றுகின்றனர். ஏறக்குறைய எழுபது வயதுடையவர் அவர். வாழ்நாள் முழுதும் பொருட்டும் புகழ்ப்பொருட்டும் பொருதவர், இப்போது பரிசொன்றுங் கருதாது பிறர் உயிர்ப்பொருட்டு நின்றனர். அவர் நின்ற நிலைகளுள் எல்லாம் இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு.

அவ்வாண்டோடு மற்றொன்றும் முடிவுற்றது. சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றோடு மல்லரைப் போற்றிய அரண்மனைகளும் மறைந்தன. பூபிந்தர் சிங் 1938லேயே காலமாயினர். அவருக்குப்பின் எஞ்சிய ஆதரவும் எல்லைக்கோட்டிற்கு அப்பால் தங்கிவிட்டது. காமாவுக்கு வேறு தொழில் தெரியாது. முதுமையும் நோயும் வறுமையும் ஒருங்கே வந்து சூழ்ந்தன. புதிய அரசினர் சிறிது உதவினர். அது போதியதாக இல்லை. அவருடைய நிலைமையைக் கேட்டு இரங்கி, இந்தியாவினின்று பொருளுதவி செய்தவர் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா. எல்லை கடந்த நாட்டவர்க்கு, வேறு சமயத்தவர்க்கு, வெறும் மனிதத் தன்மையாற் செய்த உதவி அது. 1960ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், 82 ஆண்டுகள் நிறைவெய்திய மறுநாள், காமா லாகூரில் இயற்கை எய்தினார்.

அவர் குடும்பத்தார் அக்கலையைக் கைவிட்டிலர். இமாம் பக்ஷின் மகன் போலு பயில்வான் பாக்கிஸ்தானத்து ருஸ்தம் என்னும் பட்டம் பெற்றார். போலுவின் தம்பி அக்ரம் 1976 டிசம்பரிற் கராச்சியில் ஜப்பானியராகிய அந்தோனியோ இனோக்கியுடன் பொருது கைமுறிந்து தோற்றார். 1979 ஜூன் மாதம் அக்குடும்பத்து இளைஞராகிய ஜாரா பயில்வான் லாகூரில் அதே இனோக்கியை எதிர்த்துப் பொருதார். காமாவின் மகள் வயிற்றுப் பெயர்த்தியாகிய குல்ஸூம், பாக்கிஸ்தான் தலைமை அமைச்சராயிருந்த நவாஸ் ஷரீபின் மனைவியாராய் விளங்கி 2018ஆம் ஆண்டிற் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்காள்! காமாவின் வரலாற்றைக் கேட்கும் இளைஞர் அவரைப்போல் உடலைப் பேணக் கற்றுக்கொள்வாராக. வைகறைத் துயிலெழுதல், ஆசிரியர்க்கு அடங்குதல், உணவில் வரையறை, வென்றபோதும் எதிரியை மதித்தல் ஆகிய இந்நான்கும் மல்லர்க்கேயன்றி மாணவர்க்கும் இன்றியமையாதன. இவை வெளிப்படை.

பெரியோர் சிந்திக்கவேண்டுவது வேறொன்று. காமாவின் முதுகை மண்ணிற் படுத்த வல்லார் ஒருவரும் பிறந்திலர் என்கிறோம். அம்முதுகைத் தாங்கிநின்றவர் எத்தனை பேர் என்று எண்ணுக. பாட்டனார் ஒருவர், தாய்மாமன் ஒருவர், ததியா மன்னர், வங்காளத்துச் செல்வர், பாட்டியாலா மன்னர் ஆகிய இவர்களுள் ஒருவர் இல்லையாயினும் அப்புகழ் இடையிலே முறிந்திருக்கும். ஒருவன் தன் ஆற்றலாலே மட்டும் உயர்ந்தான் என்பது உலக வழக்கு. ஆராய்ந்தால், ஒவ்வோர் உயர்வின் கீழும் பெயர் தெரியாத பல தோள்கள் தாங்கி நிற்றலைக் காணலாம்.

அவ்வாறு தாங்கியோர் அனைவரும் அவர் வெல்லுங்காலத்தில் தாங்கினர். வெற்றி ஓய்ந்த முதுமையிலே தாங்கியோர் மிகச் சிலர். கன்றீன்ற பசுவுக்குப் புல்லிட்டு, பால் வற்றியபின் கட்டவிழ்த்து விடுதல் எவ்வாறு தகும்? ஆடற்கலையிலும் இசையிலும் சிற்பத்திலும் நெசவிலும் தச்சிலும் மருத்துவத்திலும் வாழ்நாளைக் கழித்து, கைநடுங்கும் பருவத்திற் பிறர் வாயிலை நோக்கியிருப்போர் எந்த ஊரிலும் உளர். நம் குடும்பங்களிலும் உளர். இறந்தபின் படந்திறந்து புகழுரை வழங்குதற்குச் செலவிடும் பொருளிற் பாதியை அவர்கள் உயிரோடிருக்கும்போது மாதந்தோறும் அளிப்போமாயின், அதுவே மெய்யான பாராட்டாகும். அரசர் இருந்த காலத்தில் அவர் செய்தனர். அரசரில்லாத இக்காலத்தில் அக்கடமை மறைந்துவிடவில்லை. நம்மைப்போன்ற சங்கங்களின்மீது வந்து தங்கியிருக்கின்றது. ஒவ்வோர் ஊர்க் கிளையினரும் தத்தம் ஊரிலுள்ள முதிய கலைஞர் தொழிலறிஞர் பெயர்களை முதலில் எழுதித் தொகுப்பாராயின், செய்யவேண்டிய உதவி இன்னதென்பது தானே விளங்கும்.